விதையின் கனவளவை அளத்தல்: எந்த நோயாளிக்கு எந்த முறை

குழந்தைப்பேறின்மைக்காக வரும் ஆண், பருவமடைதல் பிந்திவிட்டது என்று பெற்றோர் அழைத்து வரும் மகன், இடப்பக்க விதைப்பையில் நாளங்கள் புடைத்திருப்பதாகச் சொல்லும் இளைஞன், சிறுவயதில் விதை இறங்காமல் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஆகிய எல்லோரிலும் வைத்தியர் தவறாமல் அறிய வேண்டியது விதையின் கனவளவு. விதையின் பெரும்பகுதி விந்தணுக்களை உருவாக்கும் நுண்குழாய்களால் ஆனது. ஆண் ஓமோனைச் சுரக்கும் கலங்கள் அதில் சிறிதளவு இடத்தையே கொள்கின்றன. ஆகவே மீசை, தாடி, குரல் எல்லாம் குறைவின்றி இருக்கும் ஒருவரிலும் விதைகள் சிறுத்திருந்தால், விந்தணு உற்பத்தி குறைந்திருக்கலாம் என்ற ஐயம் நமக்கு எழ வேண்டும்.

இவ்வளவு பெறுமதியான ஓர் அளவை நாம் கிளினிக் கொப்பியில் எழுதும் விதம்தான் கவலைக்குரியது. ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். கல்முனையில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் அவருடைய வலது விதை 17 மில்லிலீற்றர் என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மட்டக்களப்பில் எடுத்த ரிப்போர்ட்டில் அதே விதை 12.5 மில்லிலீற்றர். இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துவிட்டு, “டொக்டர், இது சுருங்கிக்கொண்டு போகுதா?” என்று அவர் கேட்கிறார். தாள்களைக் கவனித்துப் பார்த்தால் இரண்டிலும் நீளம் 4.2, அகலம் 2.6, தடிப்பு 2.2 சென்ரிமீற்றர் என்றே இருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் 24 வரும். ஓர் இடத்தில் அதை 0.71 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் 0.52 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். விதையில் எந்த மாற்றமும் இல்லை. சூத்திரத்தை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அந்த மனிதர் அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, இந்த வித்தியாசத்தை நம்பி யாரும் அவரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் இருந்திருக்காது.

நம் கிழக்கிலங்கைப் பகுதியில் இது அடிக்கடி நேரக்கூடியது. ஒருவர் அக்கரைப்பற்றில் முதலில் காட்டுவார், கல்முனையில் ஸ்கேன் எடுப்பார், நிபுணரைக் காண மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருவார். ஒவ்வோர் இடத்திலும் கருவி வேறு, கை வேறு. ஆகவே எந்த முறை மிகவும் துல்லியமானது என்று கேட்பதற்கு முன்னர், இந்த நோயாளியில் நான் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன், அதற்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த முறையைக் கொண்டாலும், முறையின் பெயரின்றி எண்ணை மட்டும் எழுதக் கூடாது.

அளக்கத் தொடங்கும் முன்

முதலில் ஒரு எச்சரிக்கை. திடீரென்று தொடங்கிய கடும் விதை வலியுடன் வருபவரில் கனவளவு அளந்துகொண்டிருக்க நேரமில்லை. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் அதை விடுவிக்க வேண்டும். உடனே சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதேபோல, விதையில் கெட்டியான கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அங்கே தேவைப்படுவது தாமதமில்லாத ஸ்கேன். கனவளவு குறித்த அளவு மணிகளோடு (ஓர்க்கிடோமீற்றர்) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது பிழையாகும்.

மற்ற நோயாளிகளில், என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம் என்பதைத் தொடுவதற்கு முன் சொல்லி, சம்மதம் பெற வேண்டும். “தம்பி, விதையின் அளவைப் பார்க்க வேண்டும், கையால் பிடித்து இந்த மணிகளோடு ஒப்பிடுவேன், வலிக்காது, வலித்தால் உடனே சொல்லுங்கள்” என்ற அளவு போதும். திரையை இழுத்துவிட்டு, கதவில் யாரும் நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உடனிருக்க ஒருவரைக் கேட்டு அமர்த்துவது நல்லது. நோயாளி விரும்பினால் அவர் ஆணாக இருக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரில் பெற்றோரின் சம்மதமும், பெற்றோரோ தாதி உத்தியோகத்தரோ உடனிருப்பதும், அந்தப் பிள்ளையின் சொந்தச் சம்மதமும் மூன்றுமே அவசியம். சம்மாந்துறை, காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களிலிருந்து வரும் முஸ்லிம் நோயாளிகளுக்கு அவ்றத்தை, அதாவது பிறர் பார்வையிலிருந்து காக்க வேண்டிய உடற்பகுதியை, மறைத்தல் மார்க்கக் கடமை என்பதை நாம் நினைவில் வைத்து, சாரத்தைக் களையச் சொல்லாமல், பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் வேண்டிய நேரத்துக்கு மட்டும் திறந்து, முடிந்தவுடன் மூடிவிட வேண்டும். உண்மையில் எந்தச் சமயத்தவருக்கும் இதுவே முறை.

அறையின் குளிரும் அளவைக் கெடுக்கும். வெளியில் வெயிலில் வந்தவரைக் குளிரூட்டிய அறையில் படுக்க வைத்தவுடன் விதைப்பையின் தோல் சுருங்கித் தடித்து, விதைகள் மேலே ஏறிவிடும். தோல் தடித்தால் கைக்கு விதை பெரிதாகத் தோன்றும். விதை ஏறிவிட்டால் அதன் மேல்முனை கைக்கு அகப்படாது. குளிரூட்டியைச் சற்று நிறுத்தி, கைகளை உரசிச் சூடாக்கி, சில நிமிடம் பொறுத்திருந்தால் தோல் தளர்ந்துவிடும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போதே அளக்க வேண்டும். நாளப் புடைப்பைப் பார்க்க மட்டும் பின்னர் எழுந்து நிற்கச் சொல்லலாம்.

மணிகளால் அளத்தல்

ஓர்க்கிடோமீற்றர் என்பது நூலில் கோத்த, நீள்வட்ட வடிவான பன்னிரண்டு மணிகள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய குழந்தை ஓமோன் நோய் நிபுணர் அன்ட்ரேயா பிராடர் 1966இல் இதை அறிமுகப்படுத்தினார். மணிகளின் கனவளவுகள் 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 25 மில்லிலீற்றர். மின்சாரம் வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும், ஒரு நிமிடத்தில் விடை தரும். வாகரையிலோ பொத்துவிலிலோ ஒரு கிளினிக்கில் இருப்பவருக்கு இதைவிட உதவும் கருவி வேறில்லை.

பயன்படுத்தும் விதத்தில் பலரும் விடும் தவறு, மணியைப் பார்த்துக்கொண்டே விதையைப் பார்ப்பது. பார்வை ஏமாற்றும். ஒரு கையின் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் விதையை மென்மையாகப் பிடித்து, அதன் மேல் உள்ள தோலை இழுத்து விரித்து, விதையின் உருவம் விரல்களுக்கு முழுமையாகத் தெரிய வைக்க வேண்டும். விதையின் பின்புறத்திலும் மேல்முனையிலும் படிந்திருக்கும் விதைமேற்றிணிவு (விந்தணுக்கள் செல்லும் சுருண்ட குழாய்) மென்மையாக, தனியாக உணரப்படும். அதை விரலால் ஒதுக்கிவிட்டு விதையை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு மற்றக் கையில் மணிமாலையை எடுத்து, சிறிய மணியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரல்களால் உணர்ந்து, விதைக்கு மிகவும் ஒத்த மணியைத் தெரிவு செய்ய வேண்டும். இரு மணிகளுக்கு இடையில் விழுந்தால் “15க்கும் 20க்கும் இடையில்” என்று உள்ளபடியே எழுதுங்கள். 17.5 என்று கணக்குப் போட்டு எழுதினால், இல்லாத துல்லியம் இருப்பதாக அடுத்தவர் நம்பிவிடுவார். வலதையும் இடதையும் தனித்தனியாக அளந்து, விதை கெட்டியா, மென்மையா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்த முறையின் குறை, அது எப்போதும் சற்றுக் கூட்டியே காட்டும் என்பது. நாம் பிடிப்பது விதையை மட்டுமன்று. தோலும், ஒதுக்கியும் ஒதுங்காத விதைமேற்றிணிவும் கையில் சேர்ந்துவிடுகின்றன. பெரிய விதையில் இந்தச் சேர்க்கை பொருட்படுத்தத் தக்கதன்று. சிறிய விதையிலோ அது மொத்தத்தில் பெரும் பங்காகிவிடும். ஆகவே மணியின் அளவிலிருந்து இத்தனையைக் கழித்தால் ஸ்கேன் அளவு வரும் என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வாய்பாடு போட முடியாது. அப்படி மாற்றிக் கணக்கிட்ட எண்ணைக் கொப்பியில் கண்டால் அதை நம்பாதீர்கள்.

விதையைச் சூழ நீர் தேங்கிய ஓதத்தில் மணிகள் முற்றாகப் பயனற்றவை. அங்கே கைக்கு அகப்படுவது நீர்ப்பை. விதை அதன் உள்ளே எந்த அளவில் இருக்கிறது என்பதை ஸ்கேன் மட்டுமே காட்டும். ஓதத்துக்கு ஒரு காரணமான யானைக்கால் நோய் இலங்கையில் பரவியிருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான். 2016இல் இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கிழக்கில் ஓதத்தைக் கண்டவுடன் அந்த நோயை முதலில் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இளைஞர் ஒருவரில் புதிதாகத் தோன்றிய ஓதத்தின் பின்னால் விதைக் கட்டி மறைந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கத்தான் வேண்டும்.

இடுக்கிமானியும் அளவுகோலும்

மணிகள் கிடைக்காத இடத்தில், பாடசாலை ஆய்வுகூடத்தில் எல்லோரும் கையாண்ட வேணியர் இடுக்கிமானியே போதும். விதையின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, நீளம் × அகலம் × அகலம் × 0.52 என்று கணக்கிட வேண்டும். அகலத்தை இருமுறை பெருக்குவதால் அதில் வரும் பிழையும் இருமடங்காகிறது என்பதை மறக்கக் கூடாது. நீளம் 4.5, அகலம் 3.0 சென்ரிமீற்றர் என்றால் கனவளவு ஏறத்தாழ 21 மில்லிலீற்றர். அதில் தோலுக்காக இரண்டிலும் 2 மில்லிமீற்றர் கூடியிருந்தது என்று வைத்தால், உண்மையான அளவுகள் 4.3உம் 2.8உம், கனவளவு 17.5 ஆகிவிடும். இரண்டு மில்லிமீற்றர் தோல் மூன்றரை மில்லிலீற்றரைத் தின்றுவிடுகிறது. மணிகள் கிடைக்கும் இடத்தில் இடுக்கிமானியை நான் பரிந்துரைப்பதில்லை. கெட்டியான விளிம்புகள் நோயாளியைக் கூச வைக்கின்றன, அளவும் மேம்படுவதில்லை. நீளத்தை மட்டும் எடுப்பது ஒரு கேள்விக்கு உதவும்: விதையின் நீளம் 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டதா என்பதற்கு. அது 4 மில்லிலீற்றர் மணிக்கு ஏறத்தாழச் சமன்.

துளைகள் வெட்டிய தட்டையான வளையங்களுக்குள் விதையைப் பொருத்திப் பார்க்கும் கருவிகளும் உண்டு; ஜப்பானில் டக்கிஹாரா குழுவினர் உருவாக்கியது அவற்றில் அறியப்பட்டது. நம் வைத்தியசாலைகளில் காணக் கிடைப்பது அரிது.

ஸ்கேன் அளவு

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தோலையும் விதைமேற்றிணிவையும் நீரையும் விதையிலிருந்து பிரித்துக் காட்டும். அதனால்தான் அது மேலானது. ஆனால் ஸ்கேன் எந்திரம் கனவளவை அளப்பதில்லை. மூன்று கோடுகளை நாம் வரைகிறோம், அது பெருக்குகிறது. கோடு பிழைத்தால் விடையும் பிழைக்கும். மூன்று அளவுகளிலும் ஒரே திசையில் பத்து வீதம் கூடிவிட்டால் கனவளவு முப்பத்துமூன்று வீதம் கூடிவிடும்.

உயர் அதிர்வெண் கொண்ட லீனியர் புரோபை, அதாவது உடலின் மேல் வைக்கும் நேரான முகமுள்ள ஸ்கேன் தலையை, பயன்படுத்த வேண்டும். விதைப்பைக்குக் கீழே மடித்த துவாயை வைத்துத் தாங்கி, ஆணுறுப்பை வயிற்றின் மேல் படிய வைத்துத் துணியால் மூடி, ஜெல்லைச் சூடாக்கித் தாராளமாக இட வேண்டும். தாராளம் என்பதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. ஜெல் குறைந்தால் படம் தெளிவதற்காகக் கை தானாகவே அழுத்தத் தொடங்கும். நாம் மேலே கண்ட விதையில் தடிப்பு 2.2 சென்ரிமீற்றர், அழுத்தத்தால் அது 1.9 ஆனால், 0.71 சூத்திரத்தில் 17 மில்லிலீற்றர் இருந்தது 14.7க்கு இறங்கிவிடும். அழுத்தினால் அகலம் விரியும் அல்லவா, ஒன்றையொன்று ஈடுசெய்யாதா என்று கேட்கலாம். ஒரே படத்தில் இரண்டையும் எடுத்தால் ஓரளவு ஈடுசெய்யும். அழுத்தாத படமொன்றில் அகலத்தையும் அழுத்திய படமொன்றில் தடிப்பையும் எடுத்தால் ஈடுசெய்யாது. ஆகையால் அகலமும் தடிப்பும் ஒரே குறுக்குவெட்டுப் படத்திலிருந்தே வர வேண்டும் என்பதைக் கண்டிப்பான வழக்கமாகக் கொள்ளுங்கள்.

நெடுக்குவெட்டில், விதையின் இரு முனைகளும் உருண்டு தெளிவாகத் தெரியும் மிக நீளமான படத்தை நிறுத்தி நீளத்தை எடுக்க வேண்டும். மேல்முனையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் விதைமேற்றிணிவின் தலைப்பகுதிக்குள் கோடு நுழைந்துவிடாமல் பார்க்க வேண்டும். பயிற்சியில் இருப்பவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை இந்த முனையில்தான் நிகழ்கின்றன. புரோபின் முகம் விதையை விடக் குட்டையாக இருந்தால், முனையை ஊகித்துக் கோட்டை முடிக்கக் கூடாது. திரையை இரண்டாகப் பிரித்து இணைத்தோ, அகன்ற படம் எடுக்கும் வசதியைக் கொண்டோ முழு நீளத்தையும் காண வேண்டும். பிறகு புரோபைச் செங்குத்தாகத் திருப்பி, நடுப்பகுதியில் மிகப் பெரிதாகத் தெரியும் குறுக்குவெட்டில் அகலத்தையும் தடிப்பையும் எடுக்க வேண்டும். நேரம் இருக்கும்போது மூன்று முறை அளந்து சராசரியைக் கொள்வது நல்லது.

இனிச் சூத்திரம். 0.52 என்பது நீள்வட்டத் திண்மத்தின் கணிதத்திலிருந்து வருவது. π (பை) என்ற எண்ணை ஆறால் வகுத்தால் கிடைப்பது. 0.71 என்பது லம்பேர்ட் என்ற ஆய்வாளர் 1951இல் கூகைக்கட்டும் அதன் பின்விளைவாக வரும் விதை அழற்சியும் பற்றிய ஆய்வில் பயன்படுத்திய எண். சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட விதைகளை நீரில் அமிழ்த்தி, இடம்பெயர்ந்த நீரைக் கொண்டு உண்மையான கனவளவை அறிந்து ஒப்பிட்ட ஆய்வுகளில், 0.71 தந்த விடையே உண்மைக்கு அண்மையில் இருந்தது, 0.52 குறைத்துக் காட்டியது. ஆகவே எனது பரிந்துரை 0.71. ஆயினும் பல எந்திரங்கள் தாமாகவே 0.52ஐக் கொண்டு கணக்கிடுகின்றன. திரையில் தோன்றும் எண்ணைப் பிரதி செய்வதற்கு முன், மூன்று அளவுகளையும் கையடக்கத் தொலைபேசியில் பெருக்கி, எந்திரத்தின் விடையை அதனால் வகுத்துப் பாருங்கள். எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

எந்தக் கேள்விக்கு எது போதும்

பருவமடைதல் தொடங்கிவிட்டதா என்ற கேள்விக்கு மணிகளே போதும். 4 மில்லிலீற்றர் மணியை எட்டிவிட்டால் தொடங்கிவிட்டது. பதினான்கு வயது கடந்தும் எட்டவில்லை என்றாலோ, ஒன்பது வயதுக்கு முன்னரே எட்டிவிட்டது என்றாலோ நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இந்த எல்லைகள் மணிகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஸ்கேன் எண்ணை அவற்றோடு ஒப்பிட்டால் தொடங்கிவிட்ட பருவத்தையும் தொடங்காததாகக் கருத நேரிடும்.

குழந்தைப்பேறின்மைக் கிளினிக்கிலும் முதல் அளவுக்கு மணிகள் போதும். வளர்ந்த ஆணில் 15 முதல் 25 வரை வழமையாகக் காணப்படும். 12க்குக் குறைந்தால் சிறியது எனக் கொள்ளலாம். இரு விதைகளும் 3 அல்லது 4 மில்லிலீற்றர் அளவில் கெட்டியாக இருந்தால் கிளைன்பெல்டர் நிலையை (ஆணில் X நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதை) நினைத்து நிறமூர்த்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அது 3ஆ 4ஆ என்று ஸ்கேனில் தீர்க்க முற்படுவதால் முடிவு மாறப் போவதில்லை. சிறிய மென்மையான விதைகளோடு மணம் நுகரும் திறனும் இல்லையென்றால் மூளையிலிருந்து வரும் ஓமோன் கட்டளை குறைந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். இவர்களுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் இதைத் தவறவிடுவது பெருங்குறை. தசை வளர்ப்பதற்காக உடற்பயிற்சி நிலையங்களில் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களிலும் விதைகள் சிறுக்கும். அதைக் கண்டிக்காமல், தனியாக, நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வளரும் பருவத்தில் நாளப் புடைப்பு உள்ளவரிலோ நிலைமை வேறு. இடது விதை வலதை விட 20 வீதம் அல்லது 2 மில்லிலீற்றருக்கு மேல் சிறுத்து, அந்தக் குறைவு நிலைத்திருந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கப்படுகிறது. மணிகளைப் பாருங்கள்: 10க்கும் 8க்கும் வித்தியாசம் 20 வீதம், 15க்கும் 12க்கும் 20 வீதம், 20க்கும் 15க்கும் 25 வீதம். ஒரு மணி பிசகினாலே சத்திரசிகிச்சையின் எல்லைக்குப் போய்விடுகிறோம். ஆகவே இந்த முடிவை மணிகளால் எடுக்கவே கூடாது. ஸ்கேன்தான் வேண்டும், அதுவும் ஆறு மாதமேனும் இடைவிட்டு இருமுறை, முடிந்தால் அதே இடத்தில், அதே கையால். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுத்தால் வீதம் வரும். வலது 16, இடது 12.5 என்றால் அது 22 வீதம். ஒரே அமர்வில், ஒரே சூத்திரத்தில் எடுத்த இரு எண்களாக இருந்தால் சூத்திரம் எதுவாயினும் வீதம் மாறாது என்பது இங்கே நமக்குக் கிடைக்கும் ஆறுதல்.

கொப்பியில் எழுதும்போது மூன்று அளவுகள், சூத்திரத்தின் எண், நாள், அளந்தவர் யார் என்பவை இருக்க வேண்டும். “ஸ்கேன், வலது 4.2 × 2.6 × 2.2 சென்ரிமீற்றர், 0.71, 17 மில்லிலீற்றர்” என்ற ஒரு வரி போதும். மணிகளால் அளந்திருந்தால் “ஓர்க்கிடோமீற்றர், வலது 15, இடது 12, இரண்டும் மென்மை, ஓதம் இல்லை” என்று எழுதலாம். வேறிடத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டில் கனவளவு மட்டும் இருந்து மூன்று அளவுகளும் இல்லையென்றால், அதோடு உங்கள் எண்ணை ஒப்பிட முயலாமல், இன்றைய அளவை முதல் அளவாகக் கொண்டு தொடங்கி, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பதை நோயாளிக்கும் விளக்கிவிடுங்கள்.